ஏரோப்ளேன் வீடு

நச்சத்தர் சிங் எழுந்தான். டீ போட்டுக் குடித்தான். தலைப்பாகைக்கு மேல் பிளாஸ்டிக் தொப்பியை இழுத்துவிட்டான். ரப்பர் பூட்ஸ் மாட்டினான். படி இறங்கினால் தொழுவம். காதில் மஞ்சள் தகடும் உடம்பில் கறுப்புத் திட்டுமாக முதல் வரிசைப் பசுக்கள் வந்து நின்றன. காம்புகளைத் துடைத்தான். கறவை இயந்திரத்தை மாட்டினான். அடுத்த பசு. துடைத்தான். மாட்டினான்.

இத்தாலியில், கிரெமோனாவுக்குப் பக்கத்தில், பல வருடங்களாக இதுதான் அவனுடைய காலை.

அன்று பாதி வேலையில் இருக்கும்போது அவன் மனைவி ரேஷம் கௌர் படியில் நின்று போனை நீட்டினாள். அவன் கை ஈரம். தொடாமல் எட்டிப் பார்த்தான்.

ஏரோப்ளேனின் மூக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

அது சிமெண்ட் ஏரோப்ளேன், ஊரில் அவன் வீட்டு மாடியில் எழும்பிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டி. ஜலந்தர் பக்கத்தில் அவன் ஊரில், வெளிநாடு போனவர்களின் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி வெறும் தொட்டியாக இருக்காது. கால்பந்தாக இருக்கும், கப்பலாக இருக்கும், குக்கராக இருக்கும். கதவு எண் யாருக்கும் தெரியாது. குக்கர் வீடு என்றால் தபால்காரர் நேராக வந்து நிற்பார். பக்கத்து வீட்டு ஜாகீர் சிங்கின் பிள்ளைகள் கனடாவில் லாரி ஓட்டினார்கள். அவர் மாடியில் ஒரு கழுகு உட்கார்ந்திருந்தது.

நச்சத்தர் வீட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது. எருமைக்காரர் வீடு. அவனுடைய தாத்தா ஊரார் எருமைகளைக் கூலிக்கு மேய்த்தவர். தாத்தா போய்ச் சேர்ந்தார், எருமைகளும் போய்ச் சேர்ந்தன, பெயர் மட்டும் திடகாத்திரமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் வகுப்புக்குள் நுழைந்தால் பின் பெஞ்சு எருமையைப் போலக் கத்தும். பி.ஏ. சான்றிதழ் வாங்கப் போனபோதும் காலேஜ் பியூன் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "எருமைக்காரர் பேரன்தானே?" என்று கேட்டான்.

அந்தப் பெயரை அழிப்பதற்காகவே அவன் விமானம் ஏறினான். இத்தாலியில் கிடைத்தது ஊரார் பசுக்களைக் கூலிக்குக் கறக்கும் வேலை. ஊரில் சீஸ் கம்பெனி மேனேஜர் என்று சொல்லி வைத்தான். பால் அறையின் வெள்ளை டைல்ஸ் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் வீடியோவில் பேசுவான். பின்னால் "ம்மா" என்று கேட்டால் மெஷின் என்பான்.

பணம் அனுப்பி மூன்று மாடி எழுப்பினான். சரவிளக்குகளைத் துணியால் மூடித் தொங்கவிட்டான். இத்தாலிய மார்பிள் ஊரில் இருந்தது. இத்தாலியில் அவர்கள் குடியிருந்த தொழுவத்து மாடியில் சிமெண்டுத் தரை. இவ்வளவும் செய்த பிறகு ஊர் அந்த வீட்டுக்கு மரியாதையாக ஒரு பெயர் வைத்தது. எருமைக்காரர் பங்களா.

பிப்ரவரியில் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வீட்டில்தான் நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் லூதியானாவில் பெரிய இடம். குதிரையும் மேளமுமாகத் தெருவில் வரும்போது நிமிர்ந்து பார்த்து, இது யார் வீடு என்று கேட்பார்கள். ஊர் ஒரு பதில் சொல்லும். ஏரோப்ளேன் வீடு என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடங்கள் அவன் உழைத்தது அந்த இரண்டு வார்த்தைக்குத்தான்.

"மூக்கு ஏன் தொங்குது?" என்று கேட்டான்.

"எடை தாங்கலையாம். முட்டுக் குடுக்கணுமாம்."

"குடுக்கச் சொல்லு."

ஊரில் தொட்டி கட்டும் பூரன் மேஸ்திரிக்கு வேலை நேரம், இங்கே அவனுக்குக் கறவை நேரம். அதனால் பேச்செல்லாம் ரேஷம் வழியாகத்தான். அவளுக்கு முதியோர் இல்லச் சமையலறையில் மதிய வேலை, காலையில் வீட்டில் இருப்பாள். அவன் கீழேயிருந்து கத்துவான். அவள் மேலே போய்ப் போனில் பேசிப் பதிந்து அனுப்புவாள். குறைவாகப் பேசுகிறவள். திரும்பி வந்து, "சொல்லிட்டேன்" என்பாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் படம் வந்தது. ஏரோப்ளேன் நான்கு தூண்களின் மேல் நின்றது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மூக்கு இன்னும் குனிந்துதான் இருந்தது.

"ப்ளேனுக்கு மூணு சக்கரம்தானே?"

"மூணுல நிக்காதாம்."

"அப்ப கீழ கறுப்பா பெயிண்ட் அடிக்கச் சொல்லு. பார்த்தா டயர் மாதிரி இருக்கணும்."

அடித்தார்கள். குளம்பு மாதிரி இருந்தது. அந்தச் சொல் தன் மனதுக்குள் வந்ததற்காக நச்சத்தர் தன் மேலேயே கோபித்துக்கொண்டான். நாள் முழுவதும் மாட்டைப் பார்க்கிறவனுக்கு எல்லாம் மாடாகத்தான் தெரியும் என்று சமாதானம் செய்துகொண்டான்.

பிறகு இறக்கை. கம்பி கட்ட ஆரம்பிக்கும் முன்பே ஜாகீர் சிங் தகராறு செய்கிறாராம். இறக்கை அவர் வீட்டு வானத்துக்குள் வருகிறதாம், கழுகுக்கு மறைக்கிறதாம். ரேஷம் இதைச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

வானத்துக்கு எந்த ஆபீசில் பட்டா கொடுத்தார்கள் என்று நச்சத்தர் குதித்தான். குதித்து முடித்த பிறகு யோசித்தான். கல்யாண நேரத்தில் பக்கத்து வீட்டுச் சண்டை ஆகாது. இறக்கையைச் சின்னதாக்கி, பக்கவாட்டிலிருந்து முன்னால் தள்ளி வைக்கச் சொன்னான்.

"எவ்வளவு முன்னால?"

"அவர் வாயை மூடற அளவுக்கு."

"சொல்லிட்டேன்" என்றாள் அவள், மறுநாள்.

படம் வந்தது. குனிந்த மூக்குக்குச் சற்று மேலே, பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு அகலமான மடல்கள் தொங்கின. ஒன்றில் மஞ்சளாகச் சதுரத் தகடு பதித்திருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, சிக்னல் லைட் வைக்கிற இடமாம் என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் வால் விழுந்தது. காற்றாம். சிமெண்டுத் துடுப்பு போய் உள்ளே இருந்த கம்பி மட்டும் பின்னால் தொங்கியது. அதன் நுனியில் கயிற்றுப் பிரி ஒரு கொத்து. கயிறு எதற்கு என்று கேட்டான். கம்பி யார் கண்ணிலும் குத்திவிடக் கூடாதே என்று மேஸ்திரி கட்டினாராம். நல்ல மனிதர் என்றாள் ரேஷம்.

பிறகு தொட்டி ஒழுகியது. வெள்ளை பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான் ஒழுகியது. தார் பூசி அடைத்தார்கள். ஓரிடத்தில் அடைத்தால் வேறிடத்தில் ஒழுகுமாம். படத்தில் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுப்பு. அதன் மேல் வெள்ளை அடிக்கலாமே என்றான். தார் காயக் கோடை வர வேண்டுமாம்.

கடைசியாகக் குழாய். சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று. நான்கையும் சிதறவிடாமல் அடிவயிற்றில், பின்னங்கால்களுக்கு நடுவில், ஒரே உருண்டையில் பொருத்தியிருந்தார் மேஸ்திரி. பராமரிக்கச் சுலபமாம்.

அந்தப் படத்தை நச்சத்தர் வெகுநேரம் பார்த்தான். போனைச் சாய்த்துப் பார்த்தான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். தான் மட்டும் பார்த்தால் போதாது, மாட்டோடு வாழாத ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். ஆனால் பக்கத்தில் இருந்தவர் பண்ணைக்காரர் பியேரோதான். அவர் பிறந்ததே தொழுவத்தில் என்று சொல்வார்கள். வேறு வழியில்லாமல் அவரிடம் நீட்டினான். எங்கள் வீட்டு ஏரோப்ளேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பியேரோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார்.

"நம்ம ஜாதி மாடுதான்" என்றார். "மடி நல்லா அமைஞ்சிருக்கு. கொஞ்சம் கால் குட்டை. கறவை எவ்வளவு?"

நச்சத்தர் அன்றே டிக்கெட் போட்டான்.

அவனுக்குத் தூக்கம் போயிற்று. பசு என்று சொன்னாலும் பரவாயில்லை, சொல்வார்களா? ஊரைப் பற்றி அவனுக்குத் தெரியும். கறுப்பு இருக்கிறது, நான்கு கால் இருக்கிறது, எருமைக்காரர் வீடு. மூன்று தலைமுறையாக வாய்வார்த்தையாக இருந்ததைத் தானே காசு கொடுத்துச் சிமெண்டில் வார்த்து மாடியில் ஏற்றியாகிவிட்டது. லூதியானாக்காரர்கள் கேட்கவே வேண்டாம். பார்த்தாலே தெரிந்துகொள்வார்கள்.

"போய் இடிச்சுட்டு வரேன். வெறும் தொட்டி போதும்" என்றான்.

"நீங்க போங்க. எனக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் லீவு" என்றாள் ரேஷம். பெட்டியில் ஸ்வெட்டரை மடித்து வைத்தாள்.

அமிர்தசரஸில் இறங்கி டாக்ஸி பிடித்தான். ஊர் எல்லையில் டிரைவர் எந்த வீடு என்று கேட்டான். கழுகு வீட்டுக்கு அடுத்தது என்றான் நச்சத்தர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

"கழுகு வீடா? அது எங்க இருக்கு?" டிரைவர் யோசித்தான். "ஓ, பசு வீட்டுக்கு அடுத்ததா? அப்படிச் சொல்லுங்க. போன வாரம்கூட ஒரு பார்ட்டிய கூட்டிட்டு வந்தேன், போட்டோ எடுக்க."

இன்னும் எருமை ஆகவில்லை. பசு மட்டத்திலேயே தடுத்துவிடலாம் என்று தோன்றியது.

வாசலில் ஜாகீர் சிங் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தன் வீட்டு வாசலில் அல்ல, நச்சத்தர் வீட்டு வாசலில். அவருடைய வாசலுக்கு இப்போது யாரும் வருவதில்லை, இங்கே இருந்தால் நாலு பேரைப் பார்க்கலாம் என்றார்.

பெரியவரிடம் சண்டை வேண்டாம் என்றுதான் நச்சத்தர் நினைத்திருந்தான். வாய் கேட்கவில்லை.

"நீங்க மட்டும் இறக்கைய தடுக்காம இருந்திருந்தா எனக்கு இந்த நெலம வந்திருக்காது, சித்தப்பா."

ஜாகீர் சிங் தாடியைத் தடவினார்.

"எந்த இறக்கை?"

"என் ஏரோப்ளேன் இறக்கை."

"ஏண்டா, வெளிநாட்டுல குளிர் மூளைக்கு ஏறிடுச்சா? இங்க ஏது ஏரோப்ளேன்? மொத நாள்லேருந்து பசுதானே நிக்குது. நான் எதுக்கு வாயத் திறக்கப்போறேன்?"

நச்சத்தர் மாடி ஏறினான். படமெல்லாம் பொய், நேரில் இன்னும் பெரிது. காலை வெயிலில் அது தலை குனிந்து, மஞ்சள் தகடு மின்ன, அவன் நிற்கும் இடத்தையே பார்த்தது. இத்தாலியில் தொழுவத்துப் பசுக்கள் ஒவ்வொரு காலையும் அவனை இந்த மாதிரிதான் பார்க்கும்.

பின்னங்கால் நிழலில் பூரன் மேஸ்திரி முள்ளங்கி தின்றுகொண்டிருந்தார். நச்சத்தரைப் பார்த்ததும் எழுந்து, வாலைக் கையால் சரிசெய்துவிட்டு வணக்கம் சொன்னார்.

"சம்மட்டிய எடுங்க" என்றான் நச்சத்தர்.

"எதுக்கு?"

"இடிக்கணும்."

"உங்க வீட்டுக்காரம்மா சொல்லலையே?"

"நான் சொல்றேன். வீடு என்னுது."

மேஸ்திரி முள்ளங்கியைக் கீழே வைத்தார். அவசரப்படவில்லை. எங்கே குறை, சொல்லுங்கள் என்றார். நச்சத்தர் கொட்டித் தீர்த்தான். மூக்கு சரிந்தது, வால் உடைந்தது, உடம்பெல்லாம் ஓட்டை, இதற்கு ஒரு மேஸ்திரி. மேஸ்திரி யார் வீட்டுச் சாவுச் செய்தியையோ கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டை என்று வந்தபோதுதான் அவர் முகம் மாறியது.

"ஒழுகிச்சா? நான் கட்டின தொட்டியா?"

"ஒழுகலையா?"

"யாரு சொன்னா?"

கீழே ஒரு கார் நின்றது. யாரோ இறங்கி மாடியைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். ஜாகீர் சிங் அவர்களுக்குப் பசுவின் பெருமையைச் சொல்லும் சத்தம் கேட்டது. சொந்தப் பசு மாதிரி சொன்னார்.

மேஸ்திரிக்கு மனது ஆறவில்லை. எத்தனையோ வீட்டுக்குக் கட்டியிருக்கிறேன், யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார். வேலை சொன்னபடி இல்லையென்றால் இடித்துக்கொள்ளுங்கள், சம்மட்டியை நானே எடுத்துத் தருகிறேன், ஆனால் சொன்னது என்ன என்று நீங்களே கேட்டுவிடுங்கள் என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். ரேஷம் பதிந்து அனுப்பிய பேச்சுகள் வரிசையாக இருந்தன. கடைசியாக வந்ததைத் தொட்டார்.

முதலில் கறவை இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அவன் ஓட்டிய இயந்திரம்தான். அதற்கு மேலே, அவசரமில்லாமல், ரேஷம் பேசினாள்.

"மேஸ்திரி, அவரு கடைசி வரைக்கும் ஏரோப்ளேன்னுதான் சொல்லிக்கிட்டிருப்பாரு, நான் சமாளிச்சுக்கறேன். நீங்க நாம பேசினபடி பசுவையே முடிச்சிடுங்க. ஏரோப்ளேன் எங்களுக்கு இங்க வந்த அன்னிக்கு ஒரே ஒரு தடவைதான் சோறு போட்டுச்சு. அதுவும் ஆறிப்போன சோறு."