சகலை வீட்டுச் சிங்கம்

சகலை அருள்பிரகாஷ் தன் பிள்ளைக்கு லியோ என்று ஞானஸ்நானம் கொடுத்த படம் வாட்ஸ்அப்பில் வந்தபோது, ஆன்டோ பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டான். தன் பிள்ளைக்கென்று அவன் மனசுக்குள் பூட்டி வைத்திருந்த பேர் அது.

"என்கிட்டகூட சொல்லலையே நீங்க," என்றாள் ஷீபா, தொட்டிலை ஆட்டிக்கொண்டே.

"சொன்னா உங்க அக்கா காதுக்குப் போயிரும்."

சொல்லாமலே போயிருந்தது.

கார் முதலில் வாங்கியது சகலை. மாடி முதலில் கட்டியது சகலை. மாமியார் வீட்டில் மீன்குழம்பென்றால் நடுத்துண்டு அவனுக்கு, வால் ஆன்டோவுக்கு. இப்போது சிங்கமும் போயிற்று. லியோ என்றால் லத்தீனில் சிங்கமாம். வருகிற ஞாயிறு தன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குள் அதைவிடப் பெரிய சிங்கம் ஒன்று வேண்டும்.

எபிரேயத்தில் அரியேல் கிடைத்தது. கடவுளின் சிங்கம். குடும்பக் குழுவில் அறிவித்தான். ஷீபாவின் அக்கா ஆஷ்லின் பதிலுக்கு அதே பேர் போட்ட ஒரு சலவைப்பொடி பாக்கெட்டின் படம் மட்டும் போட்டாள்.

கூத்தாநல்லூர் ஷஹ்பாஸிடம் போனான். அரபியில் சிங்கத்துக்குப் பேர் கொட்டிக் கிடக்கிறது என்று அசத், ஹைதர் எல்லாம் ஒப்பித்த நண்பன், கடைசியில் உண்மையையும் சொன்னான்.

"என் பேருக்கு ராஜாளின்னு அர்த்தம் மாப்ள. மொபெட்லதான் போறேன்."

சரி, தூய தமிழில் அரிமா. பிறந்த உடனே பிள்ளையை அரிமா சங்கத்தில் சேர்த்து ரத்ததான முகாம் நடத்தப் போகிறீர்களா என்று மாமியார் பாத்திமா மேரி போனில் விசாரித்தார்.

சனிக்கிழமை, நீடாமங்கலம் ரயில்வே கேட். எதிரே நின்ற நெல் லாரியின் நெற்றியில் எழுதியிருந்தது: சிங்கராயர். கேட் திறந்து, பின்னால் அத்தனை பேரும் ஹாரன் அடித்தும் ஆன்டோ நகரவில்லை.

"லியோ வெறும் சிங்கம். இது சிங்க ராஜா," என்றான் வீட்டில்.

"சிங்கமே ராஜாதானேங்க. அதுக்கு மேல ஒரு ராஜா எதுக்கு?"

"உங்க அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியணும்ல."

ஞாயிறன்று சிங்கராயர் தலையில் தண்ணீர் ஊற்றும்போது ஆன்டோ பிள்ளையைப் பார்க்கவில்லை. சகலையின் முகத்தையே பார்த்தான். கறுக்க வேண்டிய முகம் மலர்ந்தது. வயிற்றெரிச்சலை மறைக்க என்ன பாடுபடுகிறான் பாவம் என்று மனம் குளிர்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே போய்ச் சகலையைக் கட்டிக்கொண்டான்.

ஞானஸ்நானம் கொடுத்து முடித்த பங்குச்சாமி ஜெக்கரியா இருவர் தோளிலும் கைபோட்டார்.

"லியோ பாப்பரசரைத்தான் நம்ம பெரியவங்க தமிழ்ல சிங்கராயர்னாங்க. அருள் புள்ள பேரையே உங்க புள்ளைக்கும் வெச்சிருக்கீங்களே ஆன்டோ, இந்தக் காலத்துல எந்தச் சகலைக்கு இந்த மனசு வரும்?"