பணிஸ் காக்காவும் மகனுடைய பாட்டும்

பாட்டை இவ்வளவு வெறுத்துக்கொண்டு இவ்வளவு சத்தமாகப் பாட்டுப் போட்ட மனிதர் உலகத்திலேயே எங்கள் பணிஸ் காக்கா ஒருவர்தான். ஓட்டோவின் பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாண் ரொட்டியும் இனிப்புப் பணிசும், கூரையில் ஸ்பீக்கர். பேக்கரியில் போட்டுக் கொடுத்த ஒரே மெட்டைக் கல்முனைத் தெருவெல்லாம் அலறவிட்டு, தன் காதுகளில் மட்டும் பஞ்சை அடைத்துக்கொண்டு ஓட்டுவார். இரண்டு பாண் என்று கத்தினால் நான்கு பணிஸ் வரும்.

"பாட்டால என்ன நன்மை புள்ள? பாண் விக்கும். அவ்வளவுதான்."

அவருடைய மகன் நஸீர் என்னோடு டியூசன் படித்தான். அவன் காதிலும் எந்நேரமும் வயர். சுனாமி அவன் உம்மாவைக் கொண்டுபோனதிலிருந்து வாப்பாவிடம் 'ஓம்', 'இல்ல' தவிர வேறு சொல்லே கிடையாது. ஒரு வீட்டில் இரண்டு பேர், நான்கு காதும் அடைப்பு.

யுத்தம் முடிந்த வருடத்து நோன்பில் காக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ள, அவன் காதுக்குள்ள என்னத்த வெச்சிரிக்கான்?"

"இங்கிலீஷ் ரொக் பாட்டு, காக்கா."

"என்ன சொல்லுதாம்?"

"எனக்கும் விளங்கல்ல."

"விளங்காத ஒண்டோட அஞ்சு வருசமா இரிக்கான். என்னோட ரெண்டு வார்த்த கதைச்சா என்ன?"

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நோன்பின் கடைசி வாரம், அஸர் தொழுகை முடிந்த பின்னேரம், தெருமுனையில் இடி இடித்தது. டிரம்ஸ்! மகன் தூங்கும்போது அவன் பாட்டிருந்த ஃபோன் சிப்பைக் கழற்றி ஸ்பீக்கரில் செருகியிருக்கிறார் மனிதர். வழக்கமான மெட்டு இல்லாததால் பாண் வாங்க ஒருவரும் வரவில்லை. மூலை வீட்டுச் சாச்சி மட்டும் சுளகு நிறைய அரிசியோடு வந்தார். நோன்பு முழுக்க றபான் மேளம் அடித்து விடியற்காலைச் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பிவிட்ட பக்கீர் பாவா, பெருநாளுக்கு முன் அரிசி வாங்க வீடு வீடாக வருவார். சாச்சி அவர்தான் என்று நினைத்துவிட்டார்.

"பாவாக்கு இந்த முற கையில நல்ல பலம்தான்!"

"சாச்சி, நான் பாண்காரன்!"

"அப்ப என்னத்துக்கு மனிசா இந்த அடி?"

அதற்குள் நஸீர் செருப்பில்லாமல் ஓடிவந்தான். "வாப்பா! நிப்பாட்டுங்க! ஊரே பாக்குது. இது என்ட பாட்டு!"

அவனிடம் இவ்வளவு சொற்கள் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. காக்கா சத்தத்தைக் குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை. அவர் காதில் பஞ்சு இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"இரு மகன். இந்த மேளம் அடிக்கிறவன் ஏன் இவ்வளவு கோவமா இரிக்கான்?"

நஸீர் தரையைப் பார்த்தான். "அது கோவமில்ல வாப்பா. கவல."

"எனக்கும் அப்பிடித்தான் கேட்டுது." முன் சீட்டில் நகர்ந்து இடம் விட்டார். "ஏறு. மிச்சத்தையும் சொல்லு."

ஏறினான். மகன் கையை ஆட்டி ஆட்டி விளக்க, வாப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்க, வண்டி எங்கள் வாசல்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனது. அன்று நோன்பு திறக்க எங்கள் தெருவில் பாண் இல்லை. கூப்பிட்டு நிறுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.