பூட்டுப் போட்ட கிணறு

பெங்களூரில் போர்வெல் வண்டி வந்து நின்றால் அது ஊர் விசேஷம். பத்திரிகை அடிக்காமலே ஆள் சேரும். இது தெரிந்தும், ஆஸ்டின் டவுன் பூங்காவில் என் முதல் கிணற்றைப் போடப் போனபோது, கூடியிருந்தவர்களிடம் சொல்ல வேண்டிய ஒரே விஷயத்தை நான் சொல்லவில்லை. அது தண்ணீர் எடுக்கிற கிணறு அல்ல. நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து பார்க்க மட்டுமே போடுகிற கிணறு.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நடைப்பயிற்சி சங்கத் தலைவர் நாகராஜப்பா எனக்கு மாலை போட்டுவிட்டார். (மாலை போட்டவரிடம் எந்த முகத்தோடு "ஒரு சொட்டும் வராது சார்" என்று சொல்வது?) வண்டிக்குப் பொட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம், தேங்காய், லட்டு என்று பூஜை அமர்க்களப்பட்டது. நானோ நிலத்தடி நீர்த் துறை வேலையில் புதுசு, புரொபேஷன்கூட முடியவில்லை. "பூங்காக்காரங்க கம்ப்ளெயின்ட் கொடுத்தா கிணறும் இருக்காது, நீயும் இருக்க மாட்டே" என்று மேலதிகாரி சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

போதாததற்கு, மகளின் பெருமையைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்திருந்தார்கள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அம்மா கையில் பளபளவென்று தேய்த்த பித்தளைக் குடம். "மொத தண்ணி நம்ம வூட்டுக்குத்தான்" என்றாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

துளை போட ஆரம்பித்ததும் வெறும் கல்தூள் பறந்தது. கூட்டம் சோர்ந்து பின்வாங்கியது. "கிட்ட வந்து பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்று மேதாவி நானேதான் எல்லோரையும் அழைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் தட்டுப்பட்டது. கம்ப்ரெஸர் காற்று அடியிலிருந்த சேற்றையெல்லாம் மேலே தூக்கி, எங்கள் தலையில் கொட்டியது. வெள்ளை உடுப்பில் வந்த நாகராஜப்பா தலை முதல் கால் வரை விபூதிப் பிள்ளையாராக நின்றார். ஆனால் யாருக்கும் கோபமில்லை. "தண்ணி வந்துடுச்சு!" என்று சேற்றோடு கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

பிறகு நான் குழாயை இறக்கி, இரும்பு மூடி போட்டு, பூட்டினேன்.

"பம்ப் எங்கம்மா?" என்றார் நாகராஜப்பா.

"பம்ப் கிடையாது சார்."

"அப்போ நீரு எப்படி வரும்?"

"வராது சார்."

அம்மா குடத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நாகராஜப்பாவின் முகத்தில் காய்ந்திருந்த சேறு விரிசல் விட்டது.

"ஏனம்மா இது! பூஜை பண்ணி, லட்டு கொடுத்து, சேத்துல குளிச்சு, கடைசியில பூட்டா? நாளைக்கே கம்ப்ளெயின்ட்! சிமெண்ட் ஊத்தி மூடிடறோம்!"

என் வேலை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. பூட்டைத் திறந்து, அளவு நாடாவை அவர் கையில் திணித்தேன். முறைத்தபடியே உள்ளே விட்டார். நாடா தண்ணீரைத் தொட்டதும் அதன் சுருளில் இருந்த கருவி "கீய்ங்" என்று கத்தியது. மனிதர் துள்ளிவிட்டார்.

"இது உங்க தெருவோட தண்ணி சார்" என்றேன். "உங்க வீட்டு போர்வெல்லும் இதைத்தான் உறிஞ்சுது. போன வெயிலுக்கு உங்க மோட்டார் வெறும் காத்துதானே இழுத்துச்சு? இனிமே மட்டம் இறங்கினா, மோட்டாருக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

நாடாவைச் சுருட்டினார். மறுபடி விட்டார். கீய்ங். முகம் மலர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவருக்குப் பின்னால் வரிசை! அம்மாவும் நின்றிருந்தாள், குடத்தோடு.

கம்ப்ளெயின்ட் வரவில்லை. என் வேலை நிரந்தரமானது. பூங்கா வாசலில் கரும்பலகை வைத்து நீர்மட்டத்தை எழுதுவது இன்று நாகராஜப்பாதான். பக்கத்துப் பூங்காக்காரர்கள் "எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று சண்டை போட்டு ஒன்று வாங்கிக்கொண்டார்கள். அதையும் நானே போட்டேன். (கூட்டத்தைத் தள்ளி நிற்க வைத்துத்தான்.)

வீட்டில்தான் மரியாதை இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன வேலை என்று கேட்டதும், அப்பா முந்திக்கொண்டார்.

"நாங்க தோண்டனோம், தங்கம் எடுத்தோம். எம் பொண்ணு தோண்டுவா, ஒண்ணியும் எடுக்க மாட்டா. பூட்டிட்டு சாவிய எடுத்துனு வந்துடுவா."

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே சம்மதித்தேன். சீர்வரிசையில் அந்தப் பித்தளைக் குடமும் வந்தது. அதன் கழுத்தில் அப்பா ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருந்தார். இன்றுவரை அதைக் கழற்ற என் கணவர் விடவில்லை.