நேராக மட்டும் போகும் ஜீப்

ஜீப் வலது பக்கம் திரும்ப மாட்டேன் என்றது.

திருமானூர் சாலைச் சந்திப்பில் முத்தமிழ்செல்வன் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துப் பார்த்தான். பின் சக்கரங்கள் கீச்சிட்டன. வண்டி எதிரே இருந்த டீக்கடையை நோக்கியே போனது. பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து நின்றார்கள்.

"டீ குடிக்கவா சார் வந்தோம்?" என்றார் பக்கத்தில் இருந்த உத்திராபதி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்து லாரிகளுக்கு அவர்தான் மெக்கானிக்.

"பூட்டு விடலண்ணே."

"சுவிட்ச அணைச்சிட்டீங்கல்ல?"

"அணைச்சிட்டேன். விடல."

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. முன்னும் பின்னுமாக நகர்த்தி, டீக்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, ஒருவழியாக வண்டியைத் திருப்பினார்கள்.

அது காற்றில் இயங்கும் பூட்டு. சாதாரண ஜீப்பில் ஒரு பின்சக்கரம் சேற்றில் சிக்கினால் அது மட்டும் வெறுமனே சுழலும். கெட்டித் தரையில் இருக்கும் மற்றது சும்மா நிற்கும். இந்த ஜீப்பில் சுவிட்சைப் போட்டால் சின்ன கம்ப்ரசர் ஓடி, மெல்லிய குழாய் வழியாகப் பின் அச்சுக்குள் காற்றை அனுப்பும். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சேற்றைத் தாண்டும். அணைத்தால் காற்று வெளியேறும், பூட்டு விடும். விட்டால்தான் வண்டி ஒழுங்காக வளையும்.

போன கார்த்திகை மழையில் இந்தப் பூட்டு ஜீப்பில் இல்லை. ஓடைக் கரிசலில் வண்டி நின்றது. ஒரு சக்கரம் சுழன்றது, ஒன்று சும்மா இருந்தது. பின் சீட்டில் அவன் மனைவி சிவரஞ்சனி குடல்வால் வெடித்துப் படுத்திருந்தாள். விடிந்த பிறகு டிராக்டர் வந்தது. அதற்குள் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் தேவை தீர்ந்துவிட்டது.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தவன் சுரங்க முதலாளி கிருஷ்ணமூர்த்தியிடம் இந்தப் பூட்டைத்தான் கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை. அழவும் இல்லை. கோயம்புத்தூரில் கார் பந்தயக்காரர் ஒருவரிடம் பழையது கிடைத்தது. சுரங்கக் குடியிருப்புக்கு மழைக்காலத்தில் இந்த ஒரு வண்டிதான்.

இப்போது மீண்டும் மழை வரப்போகிறது. பூட்டு மக்கர் செய்கிறது.

"வெள்ளிக்கிழமை நானே ஏறி உக்காந்து பாக்குறேன்" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "நல்லா இருந்தா இருக்கட்டும். இல்லன்னா கழட்டிப் போட்டுட்டு வண்டிய வித்துரலாம்."

முத்தமிழ்செல்வன் முதலில் சுவிட்சை மாற்றினான். பயனில்லை.

காற்றுக் குழாயைக் கழற்றினான். உடனே பூட்டு விட்டது. திரும்ப மாட்டி ஒருமுறை போட்டு அணைத்தான். பழையபடி பிடித்துக்கொண்டது.

"கொழாய்தான் எங்கயோ மடங்கியிருக்கு" என்றார் உத்திராபதி. மடங்கிய இடத்தைத் தேடி அங்கங்கே வெட்டிப் பார்த்தார். எங்கும் மடங்கவில்லை. ஆனால் இப்போது குழாய் எட்டவில்லை.

அந்த அளவுக் குழாய் அரியலூரில் கிடைக்கவில்லை. மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயைக் காட்டி, "இதுல ரெண்டு குடுங்க" என்றான்.

"பேஷன்ட்டுக்கு என்ன பண்ணுது?"

"காத்து நிக்குது."

"ஐயையோ. எந்த ஆஸ்பத்திரில வச்சிருக்கீங்க?"

"ஷெட்டுல."

கடைக்காரர் இரண்டு குழாயை எடுத்து வைத்துச் சில்லறையை எண்ணினார்.

அந்தக் குழாய் பலூன் போல உப்பி வெடித்தது. ஷெட்டில் படுத்திருந்த நாய் மூன்று நாள் அந்தப் பக்கம் வரவில்லை. வெட்டிய துண்டுகளைப் பித்தளை இணைப்பு வைத்து மறுபடி ஒட்டினார்கள். பிறகு சோப்புத் தண்ணீரைத் தடவி, கம்ப்ரசரிலிருந்து அச்சுவரை சோதித்தார்கள்.

"ஒரு குமிழி இல்ல சார்" என்றார் உத்திராபதி. "காதுக்கும் ஒரு சத்தம் வரல. வெளியில எல்லாம் சுத்தம். கோளாறு உள்ளதான்."

அவனுக்கும் அது சரியாகப் பட்டது. முன்பெல்லாம் வண்டி ஏதோ சத்தம் போடும். இப்போது அதுவும் இல்லை. சத்தமில்லாமல் இருப்பது நல்லதுதானே என்று நினைத்தான்.

பின் அச்சைத் திறந்தார்கள். ஆயில் கொட்டியது. உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, லாரிக்கு வாங்கியதில் பொருந்துவது போல இருந்த ஒன்றைப் போட்டார் உத்திராபதி. அது கொஞ்சம் இறுக்கம். அதன் பிறகு, குழாயைக் கழற்றினால்கூடப் பூட்டு யோசித்துத்தான் விட்டது.

"போன வாரம் வரைக்கும் நல்லா இருந்துச்சுண்ணே."

"ஆயுத பூசை வரைக்கும் ஓடுச்சு. அன்னிக்குப் பொட்டு வக்காம விட்டோம், அதான் கோவிச்சுக்குச்சு."

சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார். அன்று கிரஷர் முதல் டீ கெட்டில் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். இந்த ஜீப்பை மட்டும் தாண்டிப் போனார்கள். அதை ஓட்டும் முத்தமிழ்செல்வன் வீட்டில் துக்கம் நடந்து ஒரு வருடம் ஆகவில்லை.

"பரவால்லண்ணே. அந்த ஸ்பேனரக் குடுங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை கிருஷ்ணமூர்த்தி வெள்ளை வேட்டியில் வந்து முன் சீட்டில் ஏறினார். ஓடையில் தண்ணீர் விட்டுக் குழப்பி வைத்திருந்தார்கள். முத்தமிழ்செல்வன் சுவிட்சைப் போட்டான். ஜீப் கரிசல் சேற்றில் இறங்கி, ஒரு இடத்திலும் நிற்காமல் மறுகரை ஏறியது. போன வருடம் இதே இடம்.

"பிரமாதம்" என்றார் முதலாளி. "போதும், திருப்புங்க."

சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தான். சரளை மண்ணில் முன் சக்கரங்கள் திரும்பின. ஜீப் திரும்பவில்லை.

"திருப்புங்கங்குறேன்."

"திருப்பிட்டுதான் இருக்கேன் சார்."

"அப்ப ஏன் பருத்திக் கொல்லைக்குள்ள போவுது?"

பிரேக் பிடித்தபோது ஜீப் கொல்லையின் நடுவில் இருந்தது. முதலாளி இறங்கி நடந்தே ஷெட்டுக்கு வந்தார். வேட்டி முழுக்க ஒட்டுப்புல். குட்டிச்சுவரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. உங்க மனசு புரியுது. ஆனா நேரா மட்டும் போற வண்டிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நாளைக்குக் கழட்டிருங்க."

முத்தமிழ்செல்வன் தலையாட்டினான். ஜீப்பை ஓட்டிவந்து, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றான். என்ன பார்ப்பதென்று தெரியவில்லை.

பொன்னுத்தாய் டீ கொண்டுவந்தாள். ஷெட்டைப் பெருக்கி, காலையில் வண்டிகளைத் துடைத்து வைப்பவள். அவளும் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் சார், மறுபடி சத்தம் போடுதா?"

"இல்லக்கா. சத்தமே இல்ல."

"அதான பாத்தேன். கெட்டியாத்தான் வச்சேன்."

உத்திராபதியின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது. முதலாளி ஒட்டுப்புல் பிடுங்குவதை நிறுத்தினார்.

"என்னத்தக்கா வச்சீங்க?"

பொன்னுத்தாய் கம்ப்ரசர் பக்கத்தில் இருந்த சின்ன வால்வைத் தொட்டுக் காட்டினாள். அதன் அடியில் காய்ந்த சந்தனமும், நடுவில் குங்குமமும் இருந்தன.

"சுவிட்ச அணைக்கிறப்பல்லாம் இந்த ஓட்ட வழியா உஸ்ஸு உஸ்ஸுன்னு பெருமூச்சு விட்டுச்சு சார், அந்தப் புள்ள போனதுலேருந்து நீங்களே ஒரு பெருமூச்சு விடல, இது எதுக்கு விடணும்னுதான் ஆயுத பூசையன்னிக்கு பைப்பு ஒழுகுனா அப்புற பசைய உருட்டி அடைச்சு, மேல ஒரு பொட்டும் வச்சேன்."