வயலின்: மலைக்காற்று

உலகம் தோன்றிய விதம் பற்றி இரண்டு கருத்துகள் இருக்கலாம். எங்கள் 'மட்டி ஃபோர்க் பிரதர்ஸ்' பாட்டுக்குழு தோன்றிய விதம் பற்றி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை எழுதியவன் நான். அமெரிக்காவின் டென்னசியில் 'கன்ட்ரி' எனும் கிராமியப் பாட்டுப் பாடிப் புகழ்பெற்ற எந்தக் குழுவுக்கும் ஒரு மரக்குடிசையும், கொஞ்சம் வறுமையும், ஒரு ஓட்டைக் கிதாரும் வேண்டும். எங்கள் குழுவுக்கு மூன்றையும் நானே வழங்கினேன். 'பிரதர்ஸ்' யாரும் உடன்பிறந்தவர்கள் அல்ல, ஏசி பழுதுபார்க்கும் வகுப்பில் சந்தித்தவர்கள் என்பது போன்ற சில்லறைத் தகவல்களுக்கு வரலாற்றில் இடமில்லை.

என் பதவி 'பாரம்பரிய இயக்குநர்'. குழுவின் முதல் டிரம்மர் என்பதே என் தகுதி. தீவனக் கடை ஒன்றில் பதிவான எங்கள் முதல் கேசட்டில் வரும் 'தும் தும்' சத்தத்தைக் கேட்டு ரசிகர்கள் கண் கலங்குவார்கள். நான் அடக்கத்துடன் தலைகுனிவேன்.

இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு அந்தக் கேசட்டை மறுபடி வெளியிடப்போவதாகப் பத்திரிகைகளில் அறிவித்தோம். பிறகுதான் இக்கட்டு தெரிந்தது. அதில் வயலின் கேட்டது. வாசித்தவள் வெர்லீன். பிரதர்ஸில் ஒரு பெண் இருந்தாள் என்றால் நன்றாகவா இருக்கும்? பேர் கிடைத்த வருடமே அவளைக் கழற்றிவிட்டிருந்தோம். அவசரக் கூட்டம் கூடியது.

"வயலின மட்டும் அழிச்சிர முடியாதா?" என்றார் பாடகர் கார்லின்.

"அழிச்சா பாட்டே மிஞ்சாதுண்ணே" என்றாள் விளம்பரம் பார்க்கும் ஷெல்பி.

"அப்ப யார் வாசிச்சதா போடுறது?"

"அன்னைக்குக் காத்து பலமா அடிச்சுதுன்னு சொல்லுவோமே" என்றேன்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 'வயலின்: மலைக்காற்று' என ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் வெர்லீனே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தலையில் கட்டிய வலையைக்கூடக் கழற்றவில்லை.

"டெல்பர்ட், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என் பேரைப் போடு, போதும். நான் வாசிச்சேன்னா என் பொண்ணே நம்ப மாட்டேங்குறா."

"அது வந்து, குழுவோட வரலாற்றுப் புனிதம்னு ஒண்ணு..."

அவள் மேஜைமேல் இருந்த, கேசட்டோடு வரப்போகும் புத்தகத்தின் அச்சுப்படியை எடுத்து வாசித்தாள். சிரித்தாள்.

"காத்தா? சரி, இருக்கட்டும். டிரம்ஸ் நீயாம்ல?"

"ஆமா, அதுக்கென்ன?"

"கேசட்டு பதிவான அன்னைக்கு நீ எங்கடா இருந்தே?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"வர்ற வழியில வண்டி நின்னுபோச்சுன்னு போன் பண்ணினே. டிரம்மும் அந்த வண்டியிலதான் கெடந்துச்சு. கடையோட மரத்தரையில பூட்ஸ் காலால தட்டிக்கிட்டே நான் வாசிச்சேன். ஜனங்க கேட்டு அழுவுறது என் குதிகால்டா."

உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஆனால் இன்று வயலினில் கை வைத்தால் நாளை டிரம்ஸுக்கு வருவார்கள். என் நாற்காலி நிற்பது அதன்மேல்தான். "கமிட்டியில வைக்கிறேன்" என்றேன்.

அவள் அச்சுப்படியை மேஜைமேல் போட்டுவிட்டு நடந்தாள். வராந்தாவின் மரத்தரையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தும், தும். ஷெல்பி எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், மறுபடி வாசிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. வயலின்: மலைக்காற்று. டிரம்ஸ்: டெல்பர்ட் ஹக்கபி. இந்த இருவரில், அன்று தீவனக் கடைக்கு வந்திருந்தது காற்று மட்டும்தான்.