மாமா அணு, நான் எலக்ட்ரான்

ஆராய்ச்சி மாணவனிடம் "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்பதெல்லாம் வெறும் மரியாதைக்கு. டீ ஆறும்வரை ஏதாவது பேச வேண்டுமே, அதற்காக. இது எனக்கு உறைக்காத வயதில்தான் பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் பெண் பார்க்கப் போனேன்.

பெண்ணின் அப்பா வில்லேஜ் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அதனால் கேட்டுவிட்டார்.

"மக்கா, உனக்க ஆராய்ச்சி என்னதாக்கும்?"

"அடர்ந்த பிளாஸ்மாவில் அணுக்கள் எலக்ட்ரானைச் சிதறடிக்கும்போது ஏற்படும் குவாண்டம் விளைவுகள்" என்றேன், மூச்சு விடாமல்.

"பிளாஸ்மாவா? டெங்கு வந்தப்பம் எனக்கும் ஏத்தினாவ" என்றார் பெண்ணின் அத்தை.

சிரித்துவிட்டு முறுக்கைக் கடித்திருக்கலாம். மேதையால் அது முடியுமா? (மனதுக்குள் என்னை அப்படித்தான் அழைத்துக்கொள்வேன்.) "அது ரத்தம், இது வேற. செஞ்சே காட்டுறேன்" என்று எழுந்தேன்.

"எலே, சும்மா இரி" என்று என் அப்பா பல்லைக் கடித்தார்.

பெண்ணின் அப்பாவை ஹால் நடுவில் நிறுத்தினேன். அவர் அணு. உறவினர்கள் அவரைச் சுற்றி நெருக்கமாக நின்றார்கள். அவர்கள் பிளாஸ்மா. எலக்ட்ரான், வேறு யார், நான்தான்.

"மாமா தனியா நின்னா என்னை நல்லா இழுப்பாரு. சுத்தி இத்தன பேர் நின்னா அந்த இழுப்பு எனக்கு எட்டாது. அதோட, எலக்ட்ரான் வெறும் உருண்டை இல்ல, அலையும்தான். கிட்ட வந்தாலும் பலமா மோதாது, லேசா வளைஞ்சு போயிரும்."

"முட்டாதுல்லா?" என்றது அணு.

"கணக்குப்படி முட்டாது, மாமா."

வாசலிலிருந்து ஓடி வந்தேன். எங்களுக்காகத் துடைத்த டைல்ஸ் இன்னும் காயவில்லை. வளைய வேண்டிய இடத்தில் வழுக்கினேன். பிளாஸ்மா அலறி ஒதுங்கியது. நான் நேராக அணுவின் வயிற்றில் இறங்கினேன். அவர் கால் என் அடியில் சிக்கியது. பலகாரத் தட்டோடு வந்த பெண், என்னை முதன்முதலில் பார்த்தது அந்தக் கோலத்தில். நானோ விழுந்து கிடந்தபடியே, "கணக்கு சரிதான் மாமா, தரைதான் தப்பு" என்றேன்.

நாங்கள் வந்த காரிலேயே அவரை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன ஆயிற்று என்று அங்கிருந்த மலையாளி டாக்டர் கேட்டார்.

"எலக்ட்ரான் இடிச்சதாக்கும் டாக்டரே" என்றார் அத்தை.

"ஐயோ, ஷாக்கடிச்சதாணோ?" டாக்டர் காலை விட்டுவிட்டு முதலில் இசிஜி எடுத்தார்.

நான் விளக்க வாய் திறந்தேன். அப்பா என் சட்டைக் காலரைப் பிடித்து வராந்தாவில் உட்காரவைத்தார். எலும்பில் விரிசல், மாவுக்கட்டு. இனி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது என்றே நினைத்தேன்.

சில நாள் கழித்து அவளே போன் செய்தாள். "அப்பாக்கு வலி கொறஞ்சாச்சு. எனக்கு சம்மதம் உண்டு. தரைமேல பழி போட்டீங்கல்லா, அதுக்குச் சிரிச்ச சிரிப்பு இன்னும் நிக்கல்ல. ஒண்ணு மட்டும். இனி யாருக்கும் செஞ்சு காட்டப்பிடாது."

கல்யாணம் நடந்தது. ஆய்வேடும் முடிந்தது, தேர்வாளர்கள் மட்டும் படித்தார்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை.

போன மாதம் மச்சினன் மகள், கல்லூரியில் இயற்பியல் எடுக்கலாமா என்று கேட்டாள். தொண்டையைச் செருமினேன். மாமா அவசரமாக இரண்டு காலையும் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டார்.

"இனி சொல்லு மக்கா."