பாலத்துக்காரர் மறைவும் நான்காம் மாடி துக்க விசாரிப்பும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நடுவில் நான் இறந்துவிட்டதாக ஒரு தகவல் பரவியது, அன்றே மறுக்கப்பட்டது. உன் பக்கமிருந்து நல்ல செய்தியே வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

முதலில், கடைசியாக உறுதியான செய்தி. இன்று செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு உன் சின்னக்கா இரண்டு துண்டு ரொட்டியும் ஓர் அவித்த முட்டையும் சாப்பிட்டாள். தகவல் தந்தவர் உன் பெரியக்கா. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நேரில் பார்த்தவர். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வா. எழுத்துப் பிழை இல்லை, பெரியக்காவேதான். ஆறு வருஷமாகச் சின்னக்காவின் பெயரைக் காதில் வாங்காத அதே பெரியக்கா நேற்று முதல் எங்கள் வீட்டில், என் தலையணையில் தூங்குகிறார். நான் கூடத்தில் சோபாவில். இது எப்படி நடந்தது என்பதை வரிசை மாறாமல் எழுதுகிறேன். இதில் உனக்கும் பங்கு உண்டு.

போன மாதம் நீ வந்தபோது எங்கள் டிவியில் ஒரு தொடரை மாட்டிக் கொடுத்துவிட்டு, "அக்கா, உனக்குப் பிடிக்கும், அமைதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அது நினைவிருக்கும். பழைய தொடர்தான், மறுபடி போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மாலை ஏழு மணிக்கு ஒரு பகுதி. மூடுபனிக்கு நடுவே ஒரு பாலம், அந்தப் பாலத்தைக் காக்கும் ஐம்பத்தெட்டு வயது மனிதர், அவருடைய மகள், அவர் வளர்க்கும் டிராகன். அவரைப் பாலத்துக்காரர் என்றுதான் அதில் எல்லாரும் கூப்பிடுவார்கள். உன் சின்னக்காவுக்கு அவர்மேல் முதல் வாரமே பிரியம் விழுந்துவிட்டது. காரணம் கேட்டேன். "எங்க போனாலும் மககிட்டச் சொல்லிட்டுப் போறார். எத்தனை மணிக்கு வருவேன்னும் சொல்றார்" என்றாள். முப்பத்தோரு வருஷம் பத்திரிகை அலுவலகத்திலிருந்து நேரம் கெட்டு வீடு வந்தவன் நான். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆறாவது வெள்ளிக்கிழமை, மாலை ஏழு நாற்பத்தாறுக்கு, பாலத்துக்காரர் கதவைத் திறந்து தன் சொந்தத் தம்பியை உள்ளே விட்டார். ஏழு நாற்பத்தெட்டுக்கு அந்தத் தம்பி அவரைக் குத்திவிட்டான். உன் சின்னக்கா கையில் வைத்திருந்த தேநீர்க் கோப்பை அப்படியே இருந்தது. அவள்தான் எழுந்து நின்றாள். "இல்லைங்க. அவர் இல்லாம கதை எப்படி நடக்கும்?" என்று என்னைக் கேட்டாள். ஏதோ நான்தான் கத்தியைக் கொடுத்தவன் மாதிரி. கதை நடந்தது. அடுத்த காட்சியிலேயே எல்லாரும் குதிரை ஏறிக் கிளம்பிவிட்டார்கள்.

பிறகு மூன்று நாள் அவள் தேநீரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. சனிக்கிழமை அழுகை. ஞாயிற்றுக்கிழமை உன்மேல் கோபம். "அவன் முன்னாடியே முழுசா பார்த்தவன்தானே? இவர் சாகப்போறார்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சே அமைதியா இருக்கும்னு சொல்லிட்டுப் போயிருக்கான். எங்க குடும்பத்துல இது ரத்தத்துலயே இருக்கு" என்றாள். அவள் யாரைச் சொல்கிறாள் என்று உனக்கே புரியும். உன் அம்மா படுத்திருந்த அந்தப் பதினோரு நாளும் சின்னக்கா வெளியூரில் பயிற்சியில் இருந்தாள், பெரியக்கா போனில் தினமும் "அம்மா தூங்கறாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார், பன்னிரண்டாம் நாள் இவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பேச்சு அன்றோடு நின்றது. தெரிந்தவர் சொல்லாமல் இருப்பதுதான் உலகத்திலேயே பெரிய குற்றம் என்பது அவள் கட்சி. இந்த விஷயத்தில் நானும் அவள் பக்கம்தான். செய்தி கையில் இருந்தும் அடக்கி வைப்பது என் தொழிலுக்கே விரோதம். நீ செய்தது தவறு, தம்பி. இதைப் பதிவுக்காக எழுதி வைக்கிறேன்.

ஞாயிறு மாலை அவள் ஒரு வார்த்தை சொன்னாள். "அவருக்காக யாருமே ஒரு நல்ல வார்த்தை பேசலைங்க. குதிரை ஏறிப் போயிட்டாங்க." அது என்னைத் தைத்தது. மறைவுச் செய்திப் பகுதியை முப்பத்தோரு வருஷம் பார்த்தவன் வீட்டில், ஒரு மனிதர் நாலு வரி இல்லாமல் போவதா? அன்று மாலையே உட்கார்ந்து, பத்திரிகையில் எழுதிய அதே அமைப்பில், பாலத்துக்காரருக்கு ஒரு மறைவுச் செய்தி எழுதினேன். என் அமைப்பு உனக்குத் தெரியாது. மேல் மூலையில் எழுதிய தேதி. அதன் கீழே, துக்கம் நடந்த வீட்டு முகவரி. அடுத்து வயது, குணம், பணி. பெயர் மட்டும் கடைசி வரியில். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் மறுநாள் குடும்பமே அலுவலக வாசலில் நிற்கும்; ஆகையால் அதை எப்போதும் கடைசியாக, வீட்டாரிடம் கேட்டுச் சரிபார்த்துத்தான் போடுவேன். துக்கம் நடந்த வீடு எங்கள் வீடு என்பதால் எங்கள் முகவரியைப் போட்டேன். அதில் எனக்கு இப்போதும் தவறு தெரியவில்லை.

தவறு அடுத்த நாள் நடந்தது. எங்கள் குடியிருப்பின் அறிவிப்புகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது நான்தான். திங்கள் காலை தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பும் அச்சிட வேண்டியிருந்தது. இரண்டு தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. நான் இரண்டையும் சேர்த்து எடுத்து, வழக்கம்போல முதல் மாடியில் சங்கச் செயலாளர் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, உன் சின்னக்கா எதையாவது கடிக்கட்டும் என்று ரொட்டி வாங்கப் போய்விட்டேன். செயலாளர் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கடமையில் ஒரு குறை சொல்ல முடியாது. அறிவிப்புப் பலகை அகலம் போதாது. ஆகவே மறைவுச் செய்தியை மேலே குத்தி, அதன் பாதிக்குக் கீழே மறைகிற மாதிரி தொட்டி அறிவிப்பைக் குத்திவிட்டார். பாலம், தம்பி, கத்தி, டிராகன், பெயர் எல்லாம் தொட்டிக்கு அடியில் போய்விட்டன. தேதியை விட்டால், வெளியே தெரிந்தது இவ்வளவுதான்: காலமானார். நான்காம் மாடி, இரண்டாம் வீடு. வயது 58. யாரையும் கடிந்து பேசாதவர். சொன்ன நேரத்துக்கு வீடு திரும்புபவர்.

அந்த வீட்டில் ஆண் என்று இருப்பவன் நான் ஒருவன்.

படிகளைத் துடைக்கும் அம்மா அப்போது அங்கேதான் இருந்தார். அவர் பங்குக்கு, "அந்த வீட்டம்மா மூணு நாளா சாப்பிடாம அழுதுகிட்டே இருக்காங்க, நான்தான் பார்த்தேனே" என்று சொல்லியிருக்கிறார். தம்பி, இதைக் கவனி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடத்திலிருந்து உறுதியானால்தான் ஒரு மரணத்தை அச்சேற்றலாம் என்பது நான் வாழ்நாள் முழுக்க இளைய நிருபர்களை விரட்டி விரட்டிச் சொன்ன விதி. இங்கே எழுத்தில் ஒன்று, நேரில் கண்ட சாட்சி ஒன்று. என் விதிப்படி பார்த்தாலே நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

இரண்டாம் மாடியில் ஒரு பல் மருத்துவர் வீட்டோடு சேர்த்துச் சிகிச்சை அறை வைத்திருப்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, எனக்கும் நேற்றுவரை தெரியாதது: பெரியக்காவுக்குப் பல் பார்ப்பவர் அவர்தான். ஆறு வருஷமாக இந்தக் கட்டடத்துக்கு வந்து, இரண்டு மாடி ஏறி, வாயைத் திறந்து காட்டிவிட்டு, மேலே இன்னும் இரண்டு மாடி இருப்பதைப் பார்க்காமலே இறங்கிப் போயிருக்கிறார். நேற்றுக் காலை பதினொரு மணிக்குக் கடைவாய்ப் பல்லுக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு மருத்துவர் பேச்சுவாக்கில், "நாலாம் மாடிப் பத்திரிகைக்காரர் தவறிட்டாருங்க. நல்ல மனுஷன்" என்றிருக்கிறார். பெரியக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, கழுத்தில் கட்டிய காகிதத் துணியோடு படியேறிவிட்டார். மருத்துவர் பின்னாலேயே ஓடினார். செயலாளர் வெள்ளைப் பூங்கொத்தோடு சேர்ந்துகொண்டார்.

கதவைத் திறந்தது உன் சின்னக்கா. மூன்று நாள் அழுத முகம். எதிரே, வாய் ஒரு பக்கம் தொங்க, அக்கா. இருவரும் கட்டிக்கொண்டார்கள். யார் முதலில் என்பதில் மருத்துவரும் செயலாளரும் வேறு வேறு தகவல் தருகிறார்கள்.

"எப்படிடி ஆச்சு?"

"அவர் தம்பியே குத்திட்டான்க்கா. கதவைத் திறந்து உள்ள விட்டாரு, குத்திட்டான்."

செயலாளர் கையிலிருந்த பூங்கொத்து தாழ்ந்ததாம். "தம்பியா? போன வாரம் வந்து என்கிட்டக் கூட நல்லாப் பேசினாரே" என்றாராம். உனக்குத் தெரிந்திருக்கட்டும். அவர் அன்று பார்த்தது என் தம்பியை அல்ல, எரிவாயு அடுப்பு பழுது பார்க்க வந்தவரை.

ஆனால் பெரியக்கா அழுகையை நிறுத்திவிட்டார். பள்ளி நூலகத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர் அல்லவா. மெதுவாக, மரத்த வாயோடு கேட்டார். "பாலத்துலயா?"

"ஆமா."

"டிராகன் எங்க இருந்துச்சு அப்போ?"

"மலைக்கு அனுப்பியிருந்தாரு."

"அடிப்பாவி," என்றார் பெரியக்கா. "நான் உன் புருஷன்னு நெனச்சு ஓடி வந்தேன்."

அப்போதுதான் நான் ரொட்டியோடு படியேறி வந்தேன். மருத்துவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பல் மருத்துவர், இருந்தாலும் பார்த்தார். செயலாளர் என்னைப் பார்த்துவிட்டு, "கடைசியா தொட்டி நோட்டீஸைக்கூட முடிச்சுக் கொடுத்துட்டுப் போயிருக்கீங்களேன்னு கண்ணு கலங்கிடுச்சு சார். அதனாலதான் கீழ்ப்பாதியைப் படிக்கலை" என்றார். "வயசு குறைச்சலா இருக்கேன்னு எனக்கும் சந்தேகம்தான்" என்று மருத்துவர் சொன்னார். "யாரையும் கடிந்து பேசாதவர்னு இருந்துச்சு பாருங்க, அங்கயும் ஒரு சந்தேகம் வந்துச்சு. செத்தவங்களுக்கு எல்லாரும் அப்படித்தானே போடுவாங்கன்னு விட்டுட்டேன்." பூங்கொத்தை எனக்கே கொடுத்துவிட்டு இருவரும் இறங்கிப் போனார்கள்.

கதவு சாத்திய பிறகு நடந்ததுதான் செய்தி. சின்னக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு எப்படி டிராகன் தெரியும்?" என்றாள். "புத்தகமா படிச்சிருக்கேன், அஞ்சு பாகமும்." "அப்ப அவர் சாவார்னு தெரியும்." "தெரியும்." "தெரிஞ்சும் சொல்லலை." "நாமதான் பேசறதே இல்லையேடி" என்றார் பெரியக்கா. பிறகு சின்னக்கா, "அம்மாவுக்கும் தெரிஞ்சுதான் சொல்லலை" என்றாள்.

நான் ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பெரியக்கா ஏதோ காரணம் சொல்வார் என்று நினைத்தேன். இந்த ஆறு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன காரணம் இருக்கிறதே, பயிற்சி கெடக்கூடாது, அம்மாவே சொல்லவேண்டாம் என்றார்கள், அது. அதைச் சொல்லவில்லை. "உன்கிட்டச் சொன்னா நீ அழுவே. நீ அழுதா நானும் அழணும். அந்தப் பதினோரு நாளும் நான் அழாம நிக்க வேண்டியிருந்துச்சுடி. அதான். வேற ஒண்ணுமில்ல" என்றார். சின்னக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மரத்த பக்கமாகத் தண்ணீர் ஒழுகியது. கழுத்தில் தொங்கிய காகிதத் துணியாலேயே அதைத் துடைத்துவிட்டாள். துடைத்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"இனிமே தெரிஞ்சா சொல்லிடுவியா?"

"சொல்லிடறேன். யார் செத்தாலும், முன்னாடியே சொல்லிடறேன். போதுமா?"

நான் எத்தனையோ ஆயிரம் மறைவுச் செய்தி எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு எவராவது இரண்டு மாடி கூடுதலாக ஏறினார்களா என்பது எனக்குத் தெரியவந்ததே இல்லை. இந்த ஒன்றுக்கு ஏறினார்கள். ஆகவே, உன் குற்றத்தைப் பதிவு செய்த அதே கையால் என் நன்றியையும் எழுதுகிறேன். அந்தத் தொடரை மாட்டிவிட்டுப் போன உனக்கு நன்றி. அவரைக் கொல்லத் துணிந்த கதாசிரியருக்கு நன்றி. பூகோள வாத்தியாரின் கலங்கிய கண்ணுக்கும், அகலம் போதாத அந்தப் பலகைக்கும் நன்றி. சொல்லிவிட்டுப் போகும் பழக்கமுள்ள பாலத்துக்காரருக்கு, போன இடத்தில் நல்லபடியாக இருக்கச் சொல்லி என் நன்றி.

உன் மனைவிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். எல்லாரும் நீண்ட காலம், நான் நாலு வரி எழுத அவசியமில்லாதபடி இருங்கள்.

அன்புடன்,
உன் அத்தான்

பி.கு.: ஒரு திருத்தம். மறைவுச் செய்தியை ஞாயிறு மாலை எழுதினேன் என்று மேலே குறிப்பிட்டது தவறு. எழுதியது அதற்கு முந்தைய வியாழக்கிழமை. அவர் சாவதற்கு ஒரு நாள் முன்பு. ஞாயிறு செய்தது முகவரி வரி ஒன்றைச் சேர்த்தது மட்டும். நூலகத்தில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். முக்கியமானவர்களுக்கு முன்கூட்டியே தயாராக எழுதி வைப்பது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம், கை நிற்கவில்லை. ஆகையால் உன்னைப் பற்றி மேலே பதிவு செய்த குற்றத்தில் என் பெயரையும் சேர்த்துப் படித்துக்கொள். இது வெளியே வந்திருக்காது. ஆனால் இந்தக் கடிதத்தை முடிக்கும் நேரத்தில் பெரியக்கா பேனா தேடி என் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அதே வியாழக்கிழமைத் தேதியிட்ட இரண்டாவது தாள் இருந்தது. பாலத்துக்காரர் மகள், வயது 19. உன் சின்னக்கா இப்போது தன் மொத்தப் பிரியத்தையும் அந்தப் பெண்மேல்தான் வைத்திருக்கிறாள். பெரியக்கா தாளைப் படித்துவிட்டு, "இது வர்ற வெள்ளிக்கிழமைதானே, மாப்பிள்ளை?" என்றார். ஆமாம் என்றேன். "நேத்துதான் வாக்குக் கொடுத்தேன்" என்றார். இருவரும் இழுப்பறையை மூடாமல் நிற்கிறோம். கூடத்திலிருந்து சின்னக்கா, "ரெண்டு பேரும் உள்ள என்ன பேசிக்கிறீங்க?" என்று கேட்கிறாள். பதில் இன்னும் தரப்படவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குள் எதிர்பார்க்கப்படுகிறது.